ஈர்ப்பு எங்கே கசிகிறது?

கூடுதல் பரிமாணங்களைத் தேடும் இயற்பியலுக்கு நியூட்ரான் நட்சத்திரங்கள் சொல்லும் சாட்சி

சிம்ம விண்மீன் கூட்டத்தின் திசையில், சுமார் 850 ஒளியாண்டு தொலைவில், பி0950+08 என்ற பட்டியல் எண்ணையே பெயராகக் கொண்ட நட்சத்திரம் ஒன்று இருக்கிறது. வெறுங்கண்ணுக்குப் புலப்படாது. 1968-ல் கேம்பிரிட்ஜ் வானியலாளர்கள் அறிவித்த முதல் நான்கு பல்சார்களில், அதாவது சுழன்றபடி சீராகத் துடிக்கும் நியூட்ரான் நட்சத்திரங்களில், அதுவும் ஒன்று. நொடிக்கு நான்கு சுற்றுச் சுற்றுகிறது. அந்தச் சுழற்சி மெல்ல மெல்லத் தளர்வதை வைத்துக் கணக்கிட்டால் வயது ஏறக்குறைய 1.7 கோடி ஆண்டு. பிறந்தபோது பல ஆயிரம் கோடி டிகிரியில் தகித்தது. இப்போது ஆறிவிட்டது. அது வெளிவிடும் வெப்பம் சூரியனுடையதில் லட்சத்தில் ஒரு பங்கு அளவைத் தாண்டாது.

ஆறிப்போன ஒரு நட்சத்திரத்தால் யாருக்கு என்ன லாபம்? 2000-களின் தொடக்கத்தில் ஸ்டீன் ஹன்னெஸ்டாட், கெயோர்க் ரஃபெல்ட் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் அந்தக் குளிர்ச்சியை எடுத்துக்கொண்டு விபரீதமான ஒரு கேள்விக்குள் இறங்கினார்கள். நீளம், அகலம், உயரம் தவிர நம் கண்ணில் படாத வேறு திசைகளும் இந்த வெளியில் இருந்தால், இந்த நட்சத்திரம் இவ்வளவு குளிர்ந்திருக்குமா? இருக்காது என்று வந்தது விடை. குறைந்தபட்சம், அன்றைக்கு மிகப் பிரபலமாக இருந்த ஒரு கோட்பாடு சொன்ன அளவில் அந்தத் திசைகள் இருக்க வாய்ப்பே இல்லை.

கோடிக்கணக்கில் செலவழித்துக் கட்டும் துகள் முடுக்கிகளுக்கு எட்டாத கேள்விகளை இப்படிச் செத்த நட்சத்திரங்களிடம் கேட்பது கடந்த கால் நூற்றாண்டில் ஒரு தனித் துறையாகவே வளர்ந்துவிட்டது. இதுவரை கிடைத்த பதில்களில் ஏறக்குறைய எல்லாமே ‘இல்லை’தான். அந்த ‘இல்லை’களைச் சலிப்பாகப் பார்ப்பவர்கள் உண்டு. எனக்கு அவைதான் இந்தத் துறையின் உண்மையான விளைச்சலாகத் தெரிகின்றன.

நோஞ்சான் விசை

சிக்கல் ஈர்ப்பில் தொடங்குகிறது. இயற்கையின் நான்கு விசைகளில் ஈர்ப்புதான் படு நோஞ்சான். இரண்டு புரோட்டான்களைப் பக்கத்தில் வைத்தால், அவை ஒன்றையொன்று விலக்கும் மின்விசை, ஒன்றையொன்று இழுக்கும் ஈர்ப்பைவிட எத்தனை மடங்கு பெரிது? ஒன்றுக்குப் பின்னால் 36 சைபர் போட்டால் வரும் எண். மற்ற மூன்று விசைகளும் ஏறத்தாழ ஒரு குடும்பத்துக்குள் அடங்கும்போது, இது மட்டும் ஏன் இவ்வளவு விலகி நிற்கிறது என்பதற்கு ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியலில் பதில் கிடையாது.

இரண்டாவது தொல்லை, அந்தப் பொதுச் சார்பியலும் குவாண்டம் இயற்பியலும் ஒன்றோடொன்று ஒட்ட மறுப்பது. இரண்டையும் இணைக்கும் ‘குவாண்டம் ஈர்ப்பு’ தன் முகத்தைக் காட்டுவதாகக் கருதப்படும் அளவுக்கு பிளாங்க் நீளம் என்று பெயர். மீட்டர் கணக்கில் எழுதினால் தசமப் புள்ளிக்குப் பின் 34 சைபர் போட்டு அதன்பின் 16 என்று எழுத வேண்டும். ஜெனீவா அருகே 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள பெரு ஹாட்ரான் மோதல் இயந்திரம் தரும் ஆற்றல், அங்கே எட்டத் தேவையானதைவிட ஏறத்தாழ ஆயிரம் லட்சம் கோடி மடங்கு குறைவு. இன்னும் பெரிய இயந்திரம் கட்டித் தீர்த்துக்கொள்ளக் கூடிய இடைவெளி இல்லை இது.

கூடுதல் பரிமாணம் என்ற யோசனை இந்தத் தொல்லைகளுக்கெல்லாம் முந்தியது. 1919-ல் தியடோர் கலூசா, ஐந்து பரிமாணங்களில் ஐன்ஸ்டைன் சமன்பாடுகளை எழுதினால் ஈர்ப்போடு மின்காந்தமும் தானாக வந்து விழுகிறது என்று ஐன்ஸ்டைனுக்கே எழுதி அனுப்பினார். ஐன்ஸ்டைன் இரண்டு ஆண்டு யோசித்து, 1921-ல் அதை வெளியிட வழிசெய்தார். அந்த ஐந்தாவது பரிமாணம் எங்கே போயிற்று என்ற கேள்விக்கு 1926-ல் ஆஸ்கர் கிளைன் பதில் சொன்னார்: அது மிகச் சிறிதாகச் சுருண்டிருக்கிறது. அந்தத் திசையில் புறப்பட்ட எதுவும் நகர்ந்த மாத்திரத்தில் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடும். அதனால் நாம் கவனிப்பதில்லை. பின்னாளில் இழைக் கோட்பாடு இந்த யோசனையைத் தத்தெடுத்து, பரிமாணங்களின் எண்ணிக்கையைப் பத்து, பதினொன்று என்று கூட்டிக்கொண்டது.

1998-ல்தான் விஷயம் சூடுபிடித்தது. நீமா அர்கானி-ஹமெட், சவாஸ் டிமோபௌலோஸ், கியா டிவாலி மூவரும் சுருண்ட பரிமாணங்கள் அப்படியொன்றும் சிறிதாக இருக்கத் தேவையில்லை என்றார்கள். ஒளி, எலெக்ட்ரான், நீங்கள், நான் எல்லாரும் முப்பரிமாணப் பரப்பு ஒன்றில் சிறைப்பட்டிருக்கிறோம். ஈர்ப்பு மட்டும் கூடுதல் திசைகளுக்குள் பரவுகிறது. அங்கே கசிந்து போவதால்தான் நமக்கு அது நோஞ்சானாகத் தெரிகிறது. கூடுதல் பரிமாணம் ஒன்றே ஒன்று என்றால் அது சூரியக் குடும்பம் அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும். கோள்களின் பாதையிலேயே மாட்டிக்கொண்டிருக்கும். இரண்டு என்றால் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் போதும். இங்கேதான் சுவாரசியம்: நியூட்டனின் ஈர்ப்பு விதி ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த இடைவெளியில் செல்லுபடியாகிறதா என்று அன்றுவரை யாரும் சரியாகச் சோதித்திருக்கவில்லை. முந்நூறு ஆண்டுப் பழைய விதியில் அவ்வளவு பெரிய ஓட்டை கவனிக்கப்படாமல் கிடந்தது.

அடுத்த ஆண்டே லிசா ராண்டலும் இந்திய வம்சாவளியினரான ராமன் சுந்தரமும் இன்னொரு வடிவத்தை முன்வைத்தார்கள். அதில் கூடுதல் பரிமாணம் கடுமையாக வளைந்திருக்கும். சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஒரு குழு, நுண்ணிய கம்பியில் தொங்கும் முறுக்குத் தராசை வைத்துக்கொண்டு இடைவெளியைக் குறைத்துக்கொண்டே போனது. 2020-ல் வெளியான அவர்களது முடிவின்படி, ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு வரை நியூட்டன் தப்பித்துவிட்டார்.

நட்சத்திரங்கள் அதற்குள் வேறு வழியாக வந்து, இன்னும் கறாரான கணக்கைச் சொல்லிவிட்டிருந்தன.

பன்னிரண்டு கிலோமீட்டர் ஆரம்

1930-ல் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து முடித்து இங்கிலாந்துக்குக் கப்பலேறிய 19 வயது சந்திரசேகர், வழியில் போட்ட கணக்கு, வெள்ளைக் குள்ள நட்சத்திரங்களின் எடைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு என்று காட்டியது. செம்மைப்படுத்திய கணக்கில் அது சூரியனைப் போல 1.4 மடங்கு. அதைத் தாண்டினால் நட்சத்திரம் தன்னைத் தாங்க முடியாமல் சரியும். 1935-ல் எடிங்டன் அதைப் பகிரங்கமாகக் கேலி செய்த கதை பலருக்குத் தெரியும். நியூட்ரான் 1932-ல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் வால்டர் பாடெ, ஃப்ரிட்ஸ் ஸ்விக்கி இருவரும், சூப்பர்நோவா வெடிப்பில் நியூட்ரான்களாலான நட்சத்திரம் பிறக்கலாம் என்று எழுதினார்கள். மெய்ப்பிக்க 1967 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கேம்பிரிட்ஜில் ஆய்வு மாணவியாக இருந்த ஜோசலின் பெல், வரைபடத் தாளில் 1.337 நொடிக்கு ஒருமுறை வரும் துடிப்பைக் கவனித்தார். சுழலும் நியூட்ரான் நட்சத்திரத்தின் துடிப்பு அது, முதல் பல்சார். 1974-ல் நோபல் பரிசு அவருடைய வழிகாட்டிக்குப் போனது. அந்தத் தீர்ப்பின் மேல் எனக்கு இன்றும் மரியாதை வரவில்லை.

நியூட்ரான் நட்சத்திரத்தில், சூரியனைவிட அதிக எடை, சுமார் 12 கிலோமீட்டர் ஆரமுள்ள உருண்டைக்குள் திணிக்கப்பட்டிருக்கிறது. அதன் மையப் பொருளில் ஒரு கன சென்டிமீட்டர் எடுத்தால் இருபது கோடி டன்னுக்கு மேல் தேறும். மேற்பரப்பில் ஈர்ப்பு பூமியைப் போல பல ஆயிரம் கோடி மடங்கு. அங்கிருந்து தப்பிக்க ஒளியின் வேகத்தில் பாதிக்கு மேல் வேண்டும். இவ்வளவு பலமான ஈர்ப்பு கருந்துளையிலும் இருக்கிறதே என்று கேட்கலாம். கருந்துளைக்கு மேற்பரப்பு கிடையாது, பொருள் கிடையாது, உள்ளே நடப்பது வெளியே வராது. நியூட்ரான் நட்சத்திரத்துக்கு எல்லாம் உண்டு. ஈர்ப்பும் அணுக்கரு இயற்பியலும் ஒரே இடத்தில் உச்சத்தில் சந்தித்துக்கொள்ளும் பொருள், நாம் தூர இருந்தாவது பார்க்கக் கூடிய பொருள், வேறொன்று இல்லை.

வெளியேற முடியாத கிராவிட்டான்கள்

1987 பிப்ரவரி 23. நம் பால்வெளிக்கு அடுத்துள்ள பெரிய மெகல்லன் மேகத்தில், சுமார் 1.68 லட்சம் ஒளியாண்டுக்கு அப்பால் வெடித்த நட்சத்திரத்தின் ஒளி தெரிவதற்குச் சில மணி நேரம் முன்பே, ஜப்பானின் கமியோகா சுரங்கத்திலும் அமெரிக்காவில் ஓர் உப்புச் சுரங்கத்திலும் சோவியத் நாட்டின் பக்ஸானிலும் இருந்த கருவிகளில் நியூட்ரினோக்கள் தட்டின. மூன்று இடத்திலும் சேர்த்து இரண்டு டஜன் சொச்சம்தான். ஆனால், அவை சுமார் பன்னிரண்டு நொடிகளில் பரவியிருந்தன. அந்தப் பன்னிரண்டு நொடிதான் பொக்கிஷம்.

ஏனென்றால், நட்சத்திரத்தின் மையம் சரிந்து நியூட்ரான் நட்சத்திரமாகும்போது விடுபடும் ஆற்றலில் 99 சதவீதம் நியூட்ரினோக்களாகத்தான் வெளியேறும். அடர்த்தி மிகுதியால் அவை உள்ளேயே முட்டி மோதி மெல்லக் கசியும். அதனால்தான் சில நொடிகள் பிடிக்கும். கூடுதல் பரிமாணங்கள் உண்மையென்றால், அந்த வெப்பத்தில் நியூட்ரான்கள் ஒன்றோடொன்று மோதும்போது, ஈர்ப்பைச் சுமக்கும் துகள்களாகக் கருதப்படும் கிராவிட்டான்களும் பிறக்கும். சாதாரணமாக ஒரு கிராவிட்டான் பிறக்கும் வாய்ப்பு பூஜ்யத்துக்கு அருகில். ஆனால், கூடுதல் திசையில் எத்தனை விதமாக நகர முடியுமோ, அத்தனை வகை கிராவிட்டான்கள் உண்டு. பரிமாணம் பெரிதாக இருந்தால் வகைகளின் எண்ணிக்கை கற்பனைக்கு அடங்காமல் போகும். ஒவ்வொன்றின் வாய்ப்பும் அற்பம்தான், எல்லாம் சேர்ந்தால் வெள்ளம். அவை எதிலும் முட்டாமல் நேராக வெளியேறி, ஆற்றலை அள்ளிக்கொண்டு போயிருக்கும். நியூட்ரினோ மழை பன்னிரண்டு நொடி நீடித்திருக்காது, சட்டென நின்றிருக்கும்.

நீடித்தது. ஆகவே வெள்ளம் இல்லை. இரண்டு கூடுதல் பரிமாணங்கள் என்றால் அவற்றின் அளவு மில்லிமீட்டரில் இருக்க முடியாது. மைக்ரோமீட்டருக்குக் கீழே போக வேண்டும் என்ற முடிவுக்கு 1999 முதல் 2001 வரை பல குழுக்கள் வந்து சேர்ந்தன.

ஹன்னெஸ்டாட், ரஃபெல்ட் இருவரும் இதற்கு அடுத்த கண்ணியைப் பிடித்தார்கள். கூடுதல் திசையில் ஒரு கிராவிட்டான் கொண்டிருக்கும் உந்தம், நம் முப்பரிமாணக் கண்ணுக்கு எடையாகத் தெரியும். எடையுள்ள துகள் மெதுவாகவும் போகலாம். அப்படி மெதுவாகப் பிறந்தவற்றில் கணிசமான பங்கு, நியூட்ரான் நட்சத்திரத்தின் பிடியிலிருந்து தப்பும் வேகம் இல்லாமல் அதைச் சுற்றி ஒரு மேகமாகத் தேங்கிவிடும். பிறகு பல நூறு கோடி ஆண்டுகளில் ஒன்றொன்றாகச் சிதையும். சிதையும்போது காமா கதிர்களும் எலெக்ட்ரான்களும் வரும். ஒரு பகுதி நட்சத்திரத்தின் மேலேயே விழும். நட்சத்திரம் எவ்வளவு வயதானாலும் முழுவதும் ஆற முடியாது, அடுப்பு அணையாது. பி0950+08 அணைந்திருக்கிறது. கணக்குப் போட்டால், இரண்டு கூடுதல் பரிமாணங்களின் அளவு ஒரு நானோமீட்டருக்கும் கீழே, ஏறக்குறைய ஓர் அணுவின் அளவுக்குப் போய்விடுகிறது. சியாட்டில் தராசு சொன்னதைவிடப் பல்லாயிரம் மடங்கு இறுக்கமான கட்டு.

2012-ல் ஃபெர்மி விண்கலத்தின் குழு இதையே வேறு கண்ணால் பார்த்தது. காமா கதிரில் மங்கலாக இருக்கும் ஆறு நியூட்ரான் நட்சத்திரங்களைத் தேர்ந்தெடுத்து, அந்தக் கிராவிட்டான் மேகத்தின் மினுக்கம் தெரிகிறதா என்று தேடினார்கள். தெரியவில்லை.

இதில் ஒரு நிபந்தனையைச் சொல்லாமல் விட்டால் வாசகரை ஏமாற்றியதாகும். கூடுதல் பரிமாணங்கள் எல்லாம் ஒரே அளவில், தட்டையாகச் சுருண்டிருக்கின்றன, கிராவிட்டான் சிதைந்தால் நம் உலகத்துத் துகள்களாகத்தான் சிதையும் என்ற அனுமானங்களின் மேல் நிற்கும் கட்டுப்பாடு இது. பரிமாணங்களின் எண்ணிக்கை நான்கு, ஐந்து என்று கூடினால் நட்சத்திரங்களின் பிடி தளர்ந்து முடுக்கிகளின் கை ஓங்குகிறது. ராண்டல்-சுந்தரம் மாதிரியில் கிராவிட்டான்கள் மிகக் கனமானவை. சூப்பர்நோவாவின் சூட்டில் அவை பிறக்கவே முடியாது. ஆக, ‘கூடுதல் பரிமாணம் இல்லை என்று நிரூபணம்’ என்று யாராவது காணொளித் தலைப்பு வைத்தால் நம்ப வேண்டாம்.

1.7 நொடி

2017 ஆகஸ்ட் 17. அமெரிக்காவில் இரண்டு லைகோ கருவிகளும் இத்தாலியில் விர்கோவும் கேட்டுக்கொண்டிருக்கும்போது, இரண்டு நியூட்ரான் நட்சத்திரங்கள் ஒன்றையொன்று சுற்றி நெருங்கி மோதிய ஈர்ப்பு அலை பூமியைக் கடந்தது. சுமார் 1.7 நொடி கழித்து ஃபெர்மி விண்கலத்தில் ஒரு காமா கதிர் வெடிப்பு பதிவானது. சில மணி நேரத்தில் சிலியிலிருந்த ஒரு தொலைநோக்கி, என்ஜிசி 4993 என்ற விண்மீன் மண்டலத்தில் புதிய ஒளிப்புள்ளியைக் கண்டது. தொலைவு சுமார் 13 கோடி ஒளியாண்டு. உலகம் முழுவதும் எழுபதுக்கு மேற்பட்ட ஆய்வுக்கூடங்கள் அங்கே திரும்பின. புனே அருகிலுள்ள ஜிஎம்ஆர்டி வானொலித் தொலைநோக்கியும் அதில் ஒன்று.

13 கோடி ஆண்டு ஓடிவந்த ஓட்டத்தில் ஒளிக்கும் ஈர்ப்பு அலைக்கும் இடைவெளி 1.7 நொடி. அதிலும் பெரும்பகுதி, மோதலுக்குப் பிறகு காமா கதிர் கிளம்பவே எடுத்துக்கொண்ட நேரமாக இருக்கலாம். இரண்டின் வேகமும் ஆயிரம் லட்சம் கோடியில் சில பங்குக்குள் சமம் என்று தீர்மானமானது. பிரபஞ்ச விரிவை வேகப்படுத்தும் கரும் ஆற்றலை விளக்க ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளைத் திருத்தியெழுதிய பல கோட்பாடுகள் அந்த ஒரே நிகழ்வால் ஊற்றி மூடப்பட்டன. கூடுதல் பரிமாணத்தின் குறுக்கு வழியில் ஈர்ப்பு முந்தி வந்துவிடும் என்ற யோசனைக்கும் இது ஒரு கடிவாளம்தான்; ஆனால், அங்கே கிடைக்கும் வரம்பு லட்சக்கணக்கான ஒளியாண்டு அளவிலானது, முறுக்குத் தராசின் முன்னால் வெட்கப்பட வேண்டிய எண்.

கசிவைப் பற்றிய நேரடிச் சோதனை இன்னொன்று. மேட்டூரில் எவ்வளவு தண்ணீர் திறந்தார்கள், கடைமடைக்கு எவ்வளவு வந்தது என்று இரண்டும் தெரிந்தால் வழியில் போனது எவ்வளவு என்று சொல்லிவிடலாம். நியூட்ரான் நட்சத்திர மோதலின் அழகு, திறந்துவிட்ட அளவை அலையே சொல்லிவிடுகிறது என்பதுதான்: அதிர்வெண் ஏறும் வேகத்திலிருந்து மூல வலிமையைக் கணக்கிடலாம். 1986-லேயே பெர்னார்ட் ஷூட்ஸ் இதைச் சுட்டிக்காட்டியிருந்தார். பூமியில் கேட்ட வலிமையோடு ஒப்பிட்டால் தொலைவு வரும். அதே தொலைவை என்ஜிசி 4993-ன் ஒளி தனியாகச் சொல்கிறது. ஈர்ப்பு வழியில் கசிந்திருந்தால், அலை நலிந்து வந்து, நட்சத்திரங்கள் இருப்பதைவிட அதிக தூரத்தில் இருப்பதாகக் காட்டும். கிரிஸ் பார்டோ உள்ளிட்ட நால்வர் 2018-ல் இந்த ஒப்பீட்டைச் செய்தார்கள். காலத்தையும் சேர்த்துப் பரிமாணங்களின் எண்ணிக்கையை அவர்கள் திறந்த கேள்வியாக விட்டு, தரவையே சொல்லச் சொன்னார்கள். பிரபஞ்ச விரிவு வேகத்துக்கு ஒரு மதிப்பை எடுத்தால் 4.02 வந்தது, இன்னொன்றை எடுத்தால் 3.98. பிழை வரம்பு பத்தில் ஒன்று. நான்கு.

இந்தச் சோதனை பிடிக்கக் கூடியது, விண்மீன் மண்டலங்களுக்கு இடையிலான தூரத்தில் திறந்துகொள்ளும் பெரிய பரிமாணங்களை மட்டுமே. சுருண்டுகிடக்கும் சின்னப் பரிமாணங்கள் இந்த வலையின் கண்ணிக்குள் நழுவிவிடும். அவற்றுக்கு பி0950+08 போன்றவையே கதி.

மோதுவதற்கு வெகுகாலம் முன்பே கசிவைப் பார்க்கவும் வழி உண்டு. 1974-ல் ரஸ்ஸல் ஹல்ஸ், ஜோசஃப் டெய்லர் கண்டுபிடித்த இரட்டை நட்சத்திரம், ஏழே முக்கால் மணிக்கு ஒருமுறை சுற்றி, ஆண்டுக்கு மூன்றரை மீட்டர் வீதம் நெருங்கிக்கொண்டிருக்கிறது. ஈர்ப்பு அலைகளாக அது இழக்கும் ஆற்றலுக்குச் சரியாகப் பொருந்தும் கணக்கு. 2003-ல் ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கி வழியாகச் சிக்கிய ஜே0737-3039 இன்னும் அபூர்வம்: இரண்டுமே பல்சார், ஒரு சுற்றுக்கு இரண்டரை மணி நேரம்கூட ஆவதில்லை. பதினாறு ஆண்டுத் தரவைத் தொகுத்து 2021-ல் வந்த ஆய்வு, ஈர்ப்பு அலை இழப்பு ஐன்ஸ்டைன் சொன்னதோடு 99.99 சதவீதம் ஒத்துப்போகிறது என்றது. கூடுதல் வழியில் ஆற்றல் ஒழுக மிச்சமிருக்கும் இடம் பத்தாயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு.

நுரைக்குள் ஒளி

பரிமாணங்களை விட்டு, குவாண்டம் ஈர்ப்புக்கு வருவோம். பிளாங்க் அளவில் வெளி அமைதியாக இருக்காது, நுரைத்துக்கொண்டிருக்கும் என்று ஜான் வீலர் 1950-களில் சொன்னார். அப்படியென்றால் ஆற்றல் மிகுந்த ஒளி அந்த நுரையை அதிகம் உணர்ந்து, மற்ற ஒளியைவிடக் கொஞ்சம் தாமதமாக வரலாம். எல்லாக் குவாண்டம் ஈர்ப்புக் கோட்பாடுகளும் இதைச் சொல்வதில்லை. ஆனாலும், சோதிக்க முடிந்த ஒரே வாசல் என்பதால் 1998-ல் ஜியோவானி அமெலினோ-கமேலியாவும் சகாக்களும் இதைக் கையிலெடுத்தார்கள்: தாமதம் அற்பமாக இருந்தாலும், நூற்றுக்கணக்கான கோடி ஆண்டு ஓடும்போது சேர்ந்து தெரிந்துவிடும்.

2009 மே 10-ம் தேதி ஃபெர்மி விண்கலம் ஒரு குறுகிய காமா கதிர் வெடிப்பைப் பார்த்தது. இந்த வகை வெடிப்புகள் நியூட்ரான் நட்சத்திர மோதலில் பிறப்பவை என்று கருதப்படுகின்றன. 730 கோடி ஆண்டு பயணம் செய்து வந்த ஒளித்துகள்களில் ஒன்றின் ஆற்றல் 31 கிகா எலெக்ட்ரான் வோல்ட். ஏனையவற்றைவிடப் பல்லாயிரம் மடங்கு கனம். வெடிப்பு தொடங்கி ஒரு நொடி முடிவதற்குள் அதுவும் வந்து சேர்ந்துவிட்டது. நுரையின் விளைவு எளிய நேர்விகிதத்தில் இருந்திருந்தால் ஏறக்குறைய அந்த அளவுக்கேனும் தாமதம் வந்திருக்க வேண்டும். எனவே, இந்த எளிய வடிவம் பிளாங்க் ஆற்றல் வரை விலக்கப்பட்டது. பிளாங்க் அளவு என்பது மனித முயற்சிக்கு என்றென்றும் எட்டாதது என்று பாடநூல்கள் எழுதிக்கொண்டிருந்தபோது, ஒரு நொடிக்குள் வந்து விழுந்த ஒரே ஒரு துகள் அதைத் தொட்டுக் காட்டியது. இந்தத் துறையில் எனக்கு இதைவிடப் பிடித்த அளவீடு இல்லை. விளைவு நேர்விகிதமாக இல்லாமல் இருமடியாக இருந்தால் நாம் இன்னும் வெகு தூரத்தில்தான் இருக்கிறோம்.

வெடிப்புகள் ஒருமுறை வந்தால் போச்சு. நண்டு நெபுலாவின் நடுவிலுள்ள பல்சார் அப்படியல்ல; நொடிக்கு முப்பது முறை, எந்நாளும் துடிக்கும். கேனரி தீவுகளின் மேஜிக் தொலைநோக்கிகள் அதன் துடிப்பை 1.5 டெரா எலெக்ட்ரான் வோல்ட் வரை பார்த்து, கனத்த ஒளியும் இலகு ஒளியும் ஒரே தாளத்தில் வருகின்றனவா என்று ஒப்பிட்டன. 6,500 ஒளியாண்டு என்பது அண்டக் கணக்கில் கொல்லைப்புறம். ஆகவே வரம்பு சற்றுத் தளர்வு. ஆனால், மறுபடி மறுபடி அளந்து இறுக்கிக்கொண்டே போகலாம்.

இன்னொரு பல்சாரைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். 2014-ல் அறிவிக்கப்பட்ட ஜே0337+1715, இரண்டு வெள்ளைக் குள்ளர்களோடு சேர்ந்து மூவராக வாழ்கிறது. உள்ளே ஒருவர், 1.6 நாளில் ஒரு சுற்று. வெளியே ஒருவர், 327 நாளில். பல்சாரும் உள் குள்ளரும் வெளிக் குள்ளரின் ஈர்ப்பில் சேர்ந்து விழுந்துகொண்டிருக்கிறார்கள். ஒரே மாதிரி விழுகிறார்களா? பல்சாரின் எடையில் பத்து சதவீதத்துக்கு மேல் அதன் ஈர்ப்பாற்றல் மட்டுமே. இழைக் கோட்பாட்டோடு ஒட்டிவரும் கூடுதல் புலங்கள் இருந்தால் இருவரும் சிறிதாவது வேறுபட்டு விழ வேண்டும். 2018-ல் வந்த முடிவு: வேறுபாடு பத்து லட்சத்தில் மூன்று பங்குகூட இல்லை.

பொருளா, ஈர்ப்பா?

இவ்வளவு சொன்ன பிறகு, எதிர்த்தரப்பு வாதத்தையும் கேட்க வேண்டும். நியூட்ரான் நட்சத்திரத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் திட்டவட்டமாகத் தெரியாது. வெறும் நியூட்ரான்களா, குவார்க்குகளாகக் கரைந்த குழம்பா? அது தெரியாமல், ஒரு நட்சத்திரம் எதிர்பார்த்ததைவிட ஒரு கிலோமீட்டர் பெரிதாக இருந்தால், பழியை ஈர்ப்பின் மேல் போடுவதா, பொருளின் மேல் போடுவதா? கூடுதல் பரிமாண மாதிரிகளில் நட்சத்திரத்தின் ஆரம் இவ்வளவு மாறும் என்று கணக்கிட்டு ஆண்டுதோறும் கட்டுரைகள் வருகின்றன. அவற்றில் பெரும்பாலானவை இந்தக் கேள்விக்கு முன்னால் வாய்மூடி நிற்பவை.

இடைவெளி குறைந்துவருகிறது என்பது உண்மை. 2010-ல் சூரியனைப் போல இரு மடங்கு எடையுள்ள ஒரு பல்சார் அளக்கப்பட்டபோதே, மென்மையான உட்பொருளை அனுமானித்த பல மாதிரிகள் கழிந்தன. சர்வதேச விண்வெளி நிலையத்தில் 2017-ல் பொருத்தப்பட்ட நைசர் எக்ஸ்-கதிர்க் கருவி, சில பல்சார்களின் ஆரத்தை 12, 13 கிலோமீட்டர் என்று நேரடியாகத் தந்தது. 2013-ல் கென்ட் யாகி, நிகோலஸ் யூனஸ் இருவரும் கவனித்த ஒன்று இன்னும் முக்கியம். சுழலும் நட்சத்திரத்தின் நிலைமத் திருப்புத்திறன், அது அலையிழுப்பில் நெளியும் அளவு, சுழற்சியால் பக்கவாட்டில் உப்பும் அளவு ஆகிய மூன்றுக்கும் இடையிலான உறவு, உட்பொருள் எதுவாக இருந்தாலும் ஏறத்தாழ மாறுவதில்லை. மூன்றில் இரண்டைத் தனித்தனியே அளந்துவிட்டால், உள்ளே என்ன குழம்பு என்று தெரியாமலே ஈர்ப்பைச் சோதிக்கலாம். ஜே0737-3039 என்ற அந்த இரட்டை பல்சாரின் நிலைமத் திருப்புத்திறனைப் பிடிக்கும் முயற்சிக்கு அதனால்தான் இவ்வளவு மவுசு.

இந்தியாவிலிருந்து

உதகமண்டலத்தின் முத்தோரையில், மலைச்சரிவோடு சரிவாக 530 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கும் வானொலித் தொலைநோக்கியை கோவிந்த் ஸ்வரூப் 1970-ல் இயக்கத்துக்குக் கொண்டுவந்தார். பூமத்தியரேகையிலிருந்து ஊட்டி இருக்கும் கோணமும் அந்தச் சரிவின் கோணமும் ஒன்றாக இருப்பதால், பூமியின் அச்சுக்கு இணையாகக் கிடக்கும் அந்த நீண்ட உருளையை ஒரே அச்சில் திருப்பியே வானத்தின் ஒரு புள்ளியை மணிக்கணக்கில் தொடர முடியும். பல்சார் ஆய்வில் இந்தியாவுக்கு அது நாற்றங்கால். பிறகு அவரே புனே மாவட்டத்துக் கோடத்தில் ஜிஎம்ஆர்டியைக் கட்டினார். அதை வைத்து ‘இந்தியப் பல்சார் நேர அணி’ ஆண்டுக்கணக்கில் பல்சார்களின் துடிப்பை அளக்கிறது. சென்னை தரமணியின் கணிதவியல் நிறுவனத்தைச் சேர்ந்தவர்களும் அதில் உண்டு. 2023 ஜூன் இறுதியில் ஐரோப்பியக் குழுவோடு சேர்ந்து அவர்கள், அமெரிக்க, ஆஸ்திரேலிய, சீனக் குழுக்கள் தனித்தனியே செய்ததுபோல, வான வெளி முழுவதும் மெதுவாக அசையும் ஈர்ப்பு அலைப் பின்னணிக்கான அறிகுறியை அறிவித்தார்கள். ராட்சதக் கருந்துளை ஜோடிகளே காரணம் என்பது பலரின் கணிப்பு. பிரபஞ்சத்தின் முதல் கணங்களில் மிஞ்சிய அண்ட இழைகளாக இருக்கலாம் என்பவர்களும் உண்டு. அதற்கு இப்போதைக்கு ஆதாரம் போதாது.

லடாக்கின் ஹான்லேயில் 21 மீட்டர் அகலமுள்ள மேஸ் காமா கதிர்த் தொலைநோக்கி 2024 அக்டோபரில் திறந்துவைக்கப்பட்டது. நண்டு நெபுலா அதன் பார்வைக்குள் வரும். மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலி மாவட்டத்தில் லைகோ-இந்தியாவுக்கு 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை 2,600 கோடி ரூபாய் ஒப்புதல் தந்தது. கொள்கை அளவில் ஒப்புதல் கிடைத்தது 2016 பிப்ரவரியில். இரண்டுக்கும் நடுவே ஓடிய ஏழு ஆண்டில், முதல் நியூட்ரான் நட்சத்திர மோதல் வந்து போய்விட்டது. லைகோ-இந்தியா இயங்கத் தொடங்கினால் மோதல் நடந்த திசையை வானத்தில் இன்னும் குறுகலாகக் குறிக்க முடியும். திசை துல்லியமானால் விண்மீன் மண்டலம் கிடைக்கும், தொலைவு கிடைக்கும். 4.02, 3.98 என்ற அந்த எண்களின் பிழை வரம்பு சுருங்கும். 2017-ல் நடந்ததுபோல் அலையும் ஒளியும் சேர்ந்து வந்த நியூட்ரான் நட்சத்திர மோதலாக உறுதியானது இன்றுவரை அந்த ஒன்றுதான். ஒரே ஒரு நிகழ்வின் மேல் இத்தனை கோட்பாடுகளின் தலைவிதி தொங்குகிறது.

அதைவிடப் பெரிய எதிர்பார்ப்பு நம் பால்வெளிக்குள்ளேயே ஒரு நட்சத்திரம் வெடிப்பது. நூறு ஆண்டுக்கு ஒன்றிரண்டு என்பது பொதுவான மதிப்பீடு. கண்ணால் கண்ட கடைசி, கெப்லர் காலத்தில், 1604-ல். 1987-ல் இரண்டு டஜன் நியூட்ரினோ கிடைத்த இடத்தில், இன்றைய சூப்பர்-கமியோகாண்டேவில் ஆயிரக்கணக்கில் கிடைக்கும். பிறக்கும் நியூட்ரான் நட்சத்திரம் நொடிக்கு நொடி எப்படி ஆறுகிறது என்பதைக் கோடு போட்டுக் காட்டலாம். அந்தக் கோட்டில் எங்காவது கணக்குக்கு வராத இழப்பு இருந்தால் ஒளிய இடம் கிடையாது. ஒளிக்குச் சில மணி நேரம் முன்பே நியூட்ரினோ வந்துவிடும் என்பதால், உலகின் நியூட்ரினோ ஆய்வுக்கூடங்களை இணைத்து ‘ஸ்நியூஸ்’ என்ற எச்சரிக்கை வலையமைப்பு ஒன்று இயங்குகிறது. இரண்டு மூன்று இடங்களில் ஒரே நேரத்தில் தட்டினால் உடனே செய்தி அனுப்பும். பெயர் கொடுத்து வைத்தால், வீட்டு மொட்டைமாடியில் சின்னத் தொலைநோக்கி வைத்திருப்பவருக்கும் அந்த மின்னஞ்சல் வரும்.